‘பிகின் அகெய்ன்’ படத்தின் தெருப்பாட்டும் தருமபுரிக் காற்றும்

ஒரு மதுக்கூடத்தின் சின்ன மேடை. ஒரு பெண் கிட்டாரோடு தயங்கித் தயங்கிப் பாடுகிறாள். பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்தவில்லை. வேலை போய், குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவனுக்கு மட்டும் அந்தப் பாட்டு வேறு மாதிரி கேட்கிறது. அடிக்க ஆளில்லாமல் ட்ரம்ஸ் தானே ஒலிக்கிறது, பியானோ சேர்கிறது, செல்லோவும் வயலினும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஜான் கார்னி எழுதி இயக்கிய ‘பிகின் அகெய்ன்’ படத்துக்கு இந்தக் காட்சிதான் அச்சாணி. பாடுகிற கிரெட்டாவாக கீரா நைட்லி, கேட்கிற டேனாக மார்க் ரஃபலோ. 2013 செப்டம்பரில் டொரண்டோ விழாவில் வேறு தலைப்பில் திரையிட்டு, 2014இல் இந்தப் பெயரோடு அரங்குகளுக்கு வந்தது.

டேன் ஒரு ‘புரொடியூசர்’. இந்தச் சொல்லில்தான் நம் ஊர்ப் பார்வையாளர் முதலில் சறுக்குகிறார். தமிழ்ப் பட உலகில் தயாரிப்பாளர் என்றால் காசு போடுகிறவர். மெட்டு இசையமைப்பாளருடையது, வாத்தியக் கோர்ப்பைப் பார்க்க அரேஞ்சரும் புரோகிராமரும் தனியாக இருப்பார்கள். டேன் செய்வது இவை எதுவுமில்லை. பாட்டும் மெட்டும் கிரெட்டாவுடையவை. காசு போட வேண்டியது ரெக்கார்டு கம்பெனி. நடுவில் நின்று, எந்த வாத்தியம் எங்கே நுழைய வேண்டும், எத்தனையாவது டேக்கோடு நிறுத்த வேண்டும், எந்தச் சத்தத்தை உள்ளே விடலாம், எதை வெளியே நிறுத்தலாம் என்று முடிவு செய்கிற காதுதான் மியூசிக் புரொடியூசர். இது புரியாவிட்டால் அவர் படம் முழுக்க ஊர் சுற்றுவதாகத்தான் தெரியும்.

டேன் தானே கூட்டாளியாகத் தொடங்கிய கம்பெனி கிரெட்டாவுக்காகப் பணம் போட மறுக்கிறது. மாதிரிப் பதிவு கொண்டுவா என்கிறது. ஸ்டுடியோவுக்குக் கொடுக்கக் காசில்லை. சரி, நியூயார்க் நகரத்தையே ஸ்டுடியோவாக்கிவிடலாம் என்று சந்து, மொட்டைமாடி, சுரங்க ரயில் நடைமேடை, ஏரிப் படகு என்று ஒவ்வொரு பாட்டையும் ஓர் இடத்தில் பதிகிறார்கள். பார்த்தவர்களுக்கு உடனே ஓர் ஆசை வரும்: நாமும் ஒகேனக்கலில் ஒன்று, மாந்தோப்பில் ஒன்று என்று பதிந்தால் என்ன? பதியலாம். ஆனால் படம் காட்டாத பாதியைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். இசைப் படங்களில் பாட்டை முன்கூட்டியே பதிந்து, படப்பிடிப்பில் ஒலிக்கவிட்டு அதற்கு வாயசைப்பதுதான் பொதுவான வழக்கம். திரையில் சந்து தெரிகிறது என்பதற்காக, காதில் விழுவதும் சந்தில் பிடித்த குரல் என்று நம்பிவிடக் கூடாது.

தூரம்தான் முதல் கருவி

திறந்தவெளிப் பதிவில் விலை உயர்ந்த மைக்கை விட ஓர் அளவுகோல் அதிகம் உதவும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் கூடும். சுற்றியுள்ள சத்தம் அப்படியே இருக்கும். 40 சென்டிமீட்டரில் இருந்த மைக்கை 10 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் இரண்டு முறை பாதியாக்கியதாகக் கணக்கு, அதாவது 12 டெசிபல் லாபம். ‘இடமே சரியில்லை, ஒரே இரைச்சல்’ என்று கைவிடும் பதிவுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு திருத்தத்தில் தேறிவிடும். முன்பக்கச் சத்தத்தை அதிகமாகப் பிடிக்கும் கார்டியாய்டு மைக்கை இவ்வளவு கிட்டத்தில் வைத்தால் அடிக்குரல் ஊதிப் பெருக்கும். அதற்கு 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் லோ-கட் பொத்தானைப் போட்டுவிட வேண்டும். ‘ப’ வரும் இடத்தில் காற்று மைக்கில் மோதாமலிருக்க, மைக்கை நேராக வைக்காமல் வாயின் ஓரமாகச் சற்றுச் சாய்த்து வைக்கலாம்.

கிட்டாருக்குத் தனி மைக் என்றால் 12ஆவது கட்டத்தை (ஃப்ரெட்) பார்த்தபடி 20 முதல் 30 சென்டிமீட்டர். இரண்டு மைக் வைக்கும்போது, மைக்குக்கும் வாத்தியத்துக்கும் உள்ள தூரத்தைப் போல் மூன்று மடங்காவது மைக்குகளுக்கிடையே இருக்க வேண்டும். உட்கார்ந்து பாடிக்கொண்டே வாசிப்பவருக்கு இது சாத்தியமே இல்லை. குரலுக்கும் கிட்டாருக்கும் ஒரே மைக்கைப் போதுமென்று விட்டுவிடுவது, இரண்டு வைத்து இரண்டும் குழப்பிக் குரல் சொத்தையாவதைவிட மேல்.

காற்று தனிக் கதை. மைக்கோடு வரும் பஞ்சுறை மூச்சுக் காற்றைத்தான் தடுக்கும். வெளிக்காற்றுக்குப் பஞ்சுறைக்கு மேல் போடும் ரோம உறை வேண்டும். காற்று மோதிச் சிக்னல் உடைந்துவிட்டால், பிறகு எந்த ஈக்குவலைசரும் மீட்காது, உடைந்த இடம் உடைந்ததுதான். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். அந்த மாதத்தில் மொட்டைமாடிப் பதிவுக்கு நாள் குறிப்பது வீண் வேலை. மற்ற மாதங்களில்கூட மாடியில் நின்று பாடாமல், கைப்பிடிச் சுவரை ஒட்டித் தரையில் உட்கார்ந்து பாடினால் காற்று தலைக்கு மேலே போய்விடும். சிமென்ட் தரையில் பட்டுத் திரும்பும் ஒலி குரலை டப்பாவுக்குள் பேசுவது போலாக்கும். மெல்லிய ஜமுக்காளம் அதற்குப் போதாது, கம்பளியை இரண்டாக மடித்து விரிக்க வேண்டும்.

படத்தின் மாடிக் காட்சியில் வாத்தியக்காரர்கள் தாராளமாகப் பரவி நிற்கிறார்கள். கண்ணுக்கு அழகு, காதுக்கு ஆபத்து. ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லி நொடி ஆகும். 10 மீட்டர் தள்ளி நிற்கும் தாளக்காரரின் அடி 29 மில்லி நொடி கழித்துத்தான் பாடகரை எட்டும். அவர் அதைக் கேட்டுப் பாட, இவர் அவரைக் கேட்டு அடிக்க, நாலாவது அடியிலேயே காலப்பிரமாணம் தளர ஆரம்பிக்கும். தாள நேரம் காட்டும் கிளிக் ஒலியைக் கேட்க ஹெட்போன் இல்லையென்றால் எல்லோரும் மூன்று மீட்டர் வட்டத்துக்குள் இருக்க வேண்டும். பென்னாகரம் பக்கத்துத் தெருக்கூத்தில் மிருதங்கமும் ஆர்மோனியமும் தாளமும் ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருப்பது இடம் போதாமல் அல்ல.

சொல்லப்போனால், திறந்தவெளியில் எப்படிப் பாடுவது என்ற கேள்விக்குக் கூத்து எப்போதோ விடை கண்டுவிட்டது. உச்ச சுருதியில் பாடுவது, ஒருவர் பாடியதைப் பின்பாட்டுக்காரர் வாங்கித் திருப்புவது, முகவீணை என்ற குழல் வாத்தியத்தின் கூர்மையான ஒலி எல்லாமே இரைச்சலைத் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போவதற்கான வழிகள். மனிதக் காதுக்கு 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதிதான் மிகக் கூர்மையாகக் கேட்கும். கூத்துக் குரலின் வலு அங்கேதான் குவிகிறது. கிரெட்டா மாதிரி மெல்லக் கிசுகிசுக்கும் குரலுக்கு அந்த வலு கிடையாது, ஆகவே மைக் கிட்டே வந்தே தீர வேண்டும்.

இடம், மாதம், நேரம்

ஒகேனக்கலில் அருவிக்கு எதிரே நின்று பாட வேண்டாம். அருவியின் சத்தம் அடியிலிருந்து உச்சி வரை எல்லா அலைவரிசையிலும் ஒரே சீராகப் பரவியிருக்கும். ‘ச’வும் ‘ஸ’வும் அதில் கரைந்துவிடும், பிரித்தெடுக்க வழியில்லை. அருவியை மட்டும் இரண்டு நிமிடம் தனியாகப் பதிந்துகொண்டு, குரலை அமைதியான இடத்தில் எடுத்து, மிக்ஸிங்கில் கீழே விரிப்பதுதான் நடக்கிற காரியம். படத்தின் ஏரிப் படகைப் பார்த்துவிட்டுப் பரிசலில் மைக் ஸ்டாண்டோடு ஏறுவது இன்னும் மோசம். பரிசல் சுழலும்போது மைக் பார்க்கும் திசையும் சுழலும், ஸ்டாண்டுக்குப் பதில் சட்டையில் மைக் குத்தினாலும் பாதுகாப்பு உடையின் உரசல் அதில் விழும்.

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்புகள் நேர்மாறு. அடர்ந்த இலையும் மண்தரையும் ஒலியை விழுங்கிவிடும், எதிரொலியே இருக்காது. குரல் பதிவுக்கு இதைவிட நல்ல இயற்கை அறை இல்லை. ஆனால் காய் இறங்கும் சித்திரை, வைகாசியில் தோப்புக்குள் ஆட்களும் வண்டிகளும், மேலே குயிலும். குயிலை வெட்டி எடுக்க முயலாதீர்கள், குரலின் முக்கியமான பகுதியிலேயே அதுவும் கூவும். பாட்டோடு ஒத்துவந்தால் வைத்துக்கொள்ளலாம், வராவிட்டால் வேறு நாள் பார்க்க வேண்டும்.

பாறைகள்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் சொத்து. கருங்கல் முகப்புக்கு 34 மீட்டர் தள்ளி நின்று பாடினால் குரல் போய்த் திரும்ப ஏறக்குறைய 0.2 நொடி. நிமிடத்துக்கு 75 அடி என்று காலப்பிரமாணம் வைத்தால் ஓர் அடி 0.8 நொடி, அதில் கால்பங்கு 0.2 நொடி. அதாவது மலை உங்கள் தாளத்திலேயே திருப்பிப் பாடும். 17 மீட்டரில் நின்றால் 0.1 நொடி. இரண்டுக்கும் நடுவில் எங்கோ நின்றால் எதிரொலி தாளத்தோடு சண்டை போடும். டேப் எடுத்து அளந்து நிற்பது கொஞ்சம் கிறுக்குத்தனமாகத் தெரியும், பரவாயில்லை. ராயக்கோட்டை போன்ற பாதுகாக்கப்பட்ட கோட்டைகளில் என்றால் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ரயில் நிலையத்துக்கும் அப்படியே. அனுமதி விஷயத்தைப் படம் சிரித்துக்கொண்டே தாண்டிவிடுகிறது, நம் ஊரில் ஸ்டாண்டை நிறுத்திய பத்தாவது நிமிடத்தில் யாராவது வந்து கேட்பார்கள்.

சுரங்க ரயில் காட்சிக்கு நிகராக மொரப்பூர் நடைமேடையை நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே போவது 25,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்கம்பி. கம்பியின் அதிர்வை ஒற்றைக் காந்தச் சுருளால் பிடிக்கும் சிங்கிள்-காயில் பிக்கப் உள்ள எலெக்ட்ரிக் கிட்டார் அங்கே பாட்டைவிட அதிகமாக முனகும். மர கிட்டாரை மைக் வைத்துப் பதிந்தால் இந்தத் தொல்லை இல்லை. தோட்டத்து பம்ப்செட் பக்கத்திலும் இதே முனகல் வரும். லேப்டாப்பை சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டினாலே பாதி முனகல் போய்விடும். கண்டென்சர் மைக்குக்கு, அதை லேப்டாப்போடு இணைக்கும் இண்டர்ஃபேஸ் பெட்டியிலிருந்து 48 வோல்ட் போக வேண்டும், அது லேப்டாப் பேட்டரியைத் தின்னும். ஆகவே கூடுதல் பேட்டரி இல்லாமல் ஒரே காலையில் இரண்டு பாட்டுக்கு மேல் திட்டம் போட வேண்டாம்.

நேரம் என்று பார்த்தால் விடிகாலை ஐந்து முதல் ஆறரை. தேசிய நெடுஞ்சாலை 44 ஓசூரிலிருந்து தொப்பூர் வரை இந்த இரண்டு மாவட்டங்களையும் ஊடுருவிப் போகிறது. லாரிகளின் அடித்தொனி கிலோமீட்டர் கணக்கில் பயணம் செய்யும், லோ-கட் அதில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். மார்கழியில் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழ். விடியும் முன்பே கோயில் ஒலிபெருக்கி எழுந்துவிடும், அந்த மாதம் பிற்பகல்தான் தேவலாம். தை முதல் பங்குனி வரை நல்ல பருவம், ஆனால் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பனியில் கண்டென்சர் மைக் ஈரம் பிடித்துப் பொரியும் சத்தம் தரும். பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே பழகவிட்டுப் பிறகு 48 வோல்ட் போடுங்கள்.

டேனின் காதில் விழுந்த வாத்தியங்கள், இங்கே எவை?

டேன் கேட்ட செல்லோவுக்கும் ட்ரம்ஸுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு குரலும் ஒரு கிட்டாரும் நடுப்பகுதியிலேயே நெருக்கியடிக்கும். கீழே தளம் இல்லை, மேலே ஒளி இல்லை. செல்லோ கீழே நீண்டு நிற்கிறது, ட்ரம்ஸ் நேரத்தைப் பிடிக்கிறது. அதே வேலையைத் தருமபுரியில் பம்பையும் உடுக்கையும் செய்யும். பித்தளையில் ஒன்றும் மரத்தில் ஒன்றுமாகச் சேர்த்துக் கட்டிய பம்பை ஒரே ஆளிடமிருந்து இரண்டு விதத் தொனி தரும். உடுக்கையின் இடுப்புக் கயிற்றை அழுத்தினால் தொனி வழுக்கி ஏறும். ஆனால் பல்லவியிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் காட்சியின் பாடமே போச்சு. அங்கே ஒவ்வொன்றாகத்தான் வருகின்றன. தன் காதலனுக்கு கிரெட்டா கொடுத்த ‘லாஸ்ட் ஸ்டார்ஸ்’ பாட்டை அவன் அரங்கக் கூட்டத்துக்கேற்ப ஊதிப் பெருக்கியபோது அவளுக்கு வருகிற கசப்பும் இதுதான். (கிரெக் அலெக்சாண்டரும் டேனியல் பிரிஸ்பாவும் எழுதிய அந்தப் பாட்டு ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.)

தோல் வாத்தியம் பதிகிற நாளில் அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். பறையை நெருப்பில் காய்ச்சி ஏற்றிய விறைப்பு நேரம் போகப் போக இறங்கும், பனியில் இன்னும் வேகமாக. மூன்றாவது டேக்கில் தொனி தொங்கியிருக்கும். பறைக்கும் பம்பைக்கும் மைக்கை ஒரு மீட்டராவது தள்ளி, மைக்குக்குள் வரும் சத்தத்தைக் குறைக்கும் பேட் பொத்தானைப் போட்டு வையுங்கள். முகவீணைக்கு ஒன்றரை மீட்டர்.

சுருதிச் சிக்கல் அதைவிட நுணுக்கமானது. கிட்டார்க்காரர் ‘ஜி’ என்பார், ஆர்மோனியக்காரர் ஐந்து கட்டை என்பார். இரண்டும் ஒன்றுதான். ஐந்தரை என்றால் கிட்டாரில் முதல் கட்டத்தில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி). இவ்வளவும் சரியாக இருந்தும் சேர்த்து வாசித்தால் கசக்கும். காரணம், பழைய ஆர்மோனியங்கள் பல 440 ஹெர்ட்ஸ் அடிப்படையில் நிற்பதில்லை. அதைத் திருத்த முடியாது, கிட்டாரைத்தான் இறக்கவோ ஏற்றவோ வேண்டும். ஆர்மோனியம் 15 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏறியிருந்தால் டியூனர் செயலியில் அடிப்படையை 444 என்று மாற்றி வைத்துக்கொண்டு கம்பியைக் கூட்டுங்கள். வெயில் ஏறினால் கம்பி தளர்ந்து சுருதி இறங்கும், ஒவ்வொரு டேக்குக்கும் நடுவில் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளைப் பாட வைக்கும் காட்சி ஒன்று உண்டு. சந்தில் இருக்கும் சிறுவர்களைக் கூப்பிட்டுப் பின்பாட்டுக்கு நிறுத்துகிறார்கள். தகடூர், அதாவது இன்றைய தருமபுரியின் அதியமானைப் பாடிய ஔவை, குழந்தையின் மழலை யாழோடும் ஒத்துவராது, காலத்தோடும் பொருந்தாது, பொருளும் விளங்காது, ஆனாலும் தந்தைக்கு அதன் மேல் அருள் பிறக்கும் என்கிறாள் (புறநானூறு 92). ரெக்கார்டிங் இன்ஜினியர் சொல்ல வேண்டியதை அவளே சொல்லிவிட்டாள். பிள்ளைகளை ஆட்டோ-டியூனில் போட்டு நேராக்கினால் கேட்க வைத்த காரணமே போய்விடும். ஆறு பேர் என்றால் ஒரே மைக்கைச் சுற்றி அரை வட்டம், முக்கால் மீட்டர் தள்ளி. சத்தமாகப் பாடும் பிள்ளையை ஓர் அடி பின்னால் நிறுத்துங்கள், ‘மெதுவாகப் பாடு’ என்று சொன்னால் பாடவே பாடாது.

டேக், வெட்டு, ஒட்டு

ஸ்டுடியோவில் ஒரு வரியை மட்டும் திரும்பப் பாடி ஒட்டலாம். வெளியில் ஒட்டினால் பின்னணி காட்டிக்கொடுக்கும்: காகம் பாதியில் அறுபடும், லாரி திடீரென்று மறையும். ஆகவே முழுப்பாட்டாக நாலைந்து டேக் எடுத்து, முழுதாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் வழி. ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் வெறும் சூழலைப் பதிந்துகொண்டால், தவிர்க்க முடியாத ஒட்டுக்கு அது மேல்பூச்சாகும். பாட்டு முடிந்ததும் ஐந்து நொடி அசையாமல் இருக்க வேண்டும். கடைசிச் சுருதி அடங்குவதற்குள் ‘சூப்பர்!’ என்று யாராவது கத்தி நல்ல டேக் வீணாவது அடிக்கடி நடக்கும்.

பதிவின் தரம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் இருக்கட்டும். ஒரு டிராக் நிமிடத்துக்கு 8.64 மெகாபைட் பிடிக்கும். எட்டு டிராக், நாலு நிமிடப் பாட்டு, ஐந்து டேக் என்றால் ஒன்றரை ஜிபிக்குச் சற்றுக் கீழே. இடத்தை விட்டுக் கிளம்பும் முன்பே இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்துவிட வேண்டும். உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும், வெளியில் பாடும்போது உற்சாகத்தில் குரல் ஒத்திகையைவிட ஏறும்.

ஒரு பிரிப்பானில் இரண்டு ஹெட்போனைச் செருகி, கிரெட்டாவும் டேனும் ஒரே பாட்டைக் கேட்டபடி ஊரைச் சுற்றும் காட்சி பலருக்குப் பிடித்தது. பதிவிலும் அந்தப் பிரிப்பான் உதவும், பாடகரும் தாளக்காரரும் ஒரே கிளிக்கைக் கேட்கலாம். 32 ஓம் ஹெட்போன் இரண்டு சேர்ந்தால் 16 ஓம் சுமை, சத்தம் கொஞ்சம் குறையலாம். வயரில்லாத புளூடூத் மட்டும் வேண்டாம். அது 100 மில்லி நொடிக்கு மேலும் தாமதிக்கும், மாடியில் 35 மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமம்.

மிக்ஸிங்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் சத்தத்தை மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குத் தெரியும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துவிடும், அதற்கு மேல் நசுக்கி ஏற்றுவதில் பயனில்லை. உச்சம் மைனஸ் 1 டெசிபலில் நிற்கட்டும்.

காகிதம்

கடைசியில் கிரெட்டா கம்பெனி ஒப்பந்தத்தை ஏற்காமல் ஆல்பத்தை ஒரு டாலருக்கு இணையத்தில் விடுகிறாள். நேரில் பார்க்காமலே அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலை, ‘நான் வாணிகப் பரிசிலன் அல்லேன்’ என்று பெருஞ்சித்திரனார் மறுத்த பாட்டு (புறநானூறு 208) இந்த மண்ணைப் பற்றியதுதான். அந்தக் கோபம் நியாயம். ஆனால் இன்றைக்குக் கோபத்தைவிடப் பதிப்புரிமைச் சட்டம் 1957, அதில் 2012இல் வந்த திருத்தம் இரண்டும் பாடகருக்கு அதிகம் உதவும்.

உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்று பொருள். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ‘உலகம் முழுவதும், நிரந்தரமாக’ என்ற வரி ஒப்பந்தத்தில் ஏன் தவறாமல் இருக்கிறது என்பது இதிலிருந்து விளங்கும். சினிமாவில் சேராத தனிப்பாட்டானாலும், பாட்டெழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் ராயல்டியில் சமபங்கு கேட்கும் உரிமை, மற்ற உரிமையைக் கொடுத்த பிறகும் போகாது. அந்தப் பங்கை வசூலிக்க ஐ.பி.ஆர்.எஸ். (இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி) அமைப்பில் உறுப்பினராகிப் பாட்டைப் பதிந்துவைக்க வேண்டும். பதியாத பாட்டுக்குப் பங்கு தேடி வராது.

பதிவின் உரிமை யாருக்கு என்பதில்தான் நண்பர்கள் சண்டை போடுவார்கள். சட்டம், ஒலிப்பதிவைத் தொடங்கிப் பொறுப்பேற்றவரையே அதன் தயாரிப்பாளர் என்கிறது. லேப்டாப் கொண்டுவந்தவரா, பெட்ரோல் போட்டவரா, பாடியவரா? முதல் டேக்குக்கு முன்பே ஒரே தாளில் எழுதிவிடுங்கள்: வரிகள் யார், மெட்டு யார், பதிவு யாருடையது, நூற்றில் யாருக்கு எத்தனை. தளங்களில் ஏற்றும்போது ஒவ்வொரு பாட்டுக்கும் அந்தப் பதிவை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.ஆர்.சி. எண் கிடைக்கும், அந்தப் படிவத்தில் இதே பெயர்கள்தான் போக வேண்டும்.

அரை நாள் கூலிக்கு வந்து பம்பை அடித்தவரை இதில் மறந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அவர் வாசித்த மெட்டு பரம்பரை மெட்டாக இருக்கலாம், அதற்கு யாரும் உரிமை கோர முடியாது. அவருடைய வாசிப்புக்கு நிகழ்த்துநர் உரிமை தனியாக உண்டு, 50 ஆண்டு. வணிகப் பயன்பாட்டில் ராயல்டிக்கும் அவர் உரியவர். அவருக்குப் புரியும் தமிழில் அரைப்பக்கம் எழுதிப் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்கி, நகல் ஒன்றை அவரிடமே கொடுத்துவிட வேண்டும். பிள்ளைகள் பாடியிருந்தால் பெற்றோரின் கையெழுத்து. இதெல்லாம் தோப்பிலேயே, மைக்கைச் சுற்றிக் கட்டுவதற்கு முன்பே முடிகிற வேலை.